பத்து பதினேழுக்குத் திறந்த சர்வர்

தரவுத்தள மென்பொருளை ஒரு சர்வரில் ஏற்றுவதற்கு முன்னால் இருபத்துமூன்று சோதனைகள் உண்டு. நினைவகம் போதுமா, வட்டில் இடம் இருக்கிறதா, சர்வருக்கு நிலையான முகவரி கொடுத்தாயிற்றா, மென்பொருளுக்கென்று தனிக் கணக்கு திறந்தாயிற்றா, மற்ற சர்வர்களின் கடிகாரத்தோடு இதன் கடிகாரம் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். பெண் பார்க்க வந்த வீட்டார்கூட அவ்வளவு கேட்கமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் பச்சை விழுந்தால்தான் ஏறுவேன் என்று அடம்பிடிக்கும். ஆனால் அதே திரையின் கீழ்மூலையில், சிவப்பு விழுந்தாலும் பரவாயில்லை என்பவர்களுக்காக ‘பொருட்படுத்தாதே’ என்று ஒரு கட்டத்தையும் வைத்திருப்பார்கள். அதை வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. நம் ஆட்கள் மனசு தெரிந்தவனாகத்தான் இருக்கவேண்டும்.

உலகம்மைக்குப் பதினொரு வருடமாக இதுதான் வேலை. அந்த வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே பாளையங்கோட்டையில் புதிதாகக் கட்டிய தென்மண்டல இதய ஒதுக்கீட்டு மையத்துக்குள் நுழைந்துவிட்டாள். தொட்டியில் மனித இதயம் வளர்க்கக் கற்றுக்கொண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. வாரத்துக்கு நான்கைந்துதான் முற்றும். காத்திருப்பவர்களோ ஆயிரக்கணக்கில். அவர்கள் எல்லோருக்கும் அன்றுதான் முதல் பதிவு.

எட்டு மணிக்குத் தம்பி சொக்கலிங்கம் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டான். அவளுக்கு இருப்பது அவன் ஒருவன்தான். மோட்டார் பம்பு செய்யும் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தவன். இருபத்தொன்பது வயதில் மாடிப்படி ஏற முடியாமல் ஆகிவிட்டது. மேற்கு மண்டலத்தில் சிகிச்சை என்பதால் பதிவும் அங்கேதான்.

“அக்கா, லைன்ல எனக்கு முன்னால இருபது பேருதான். விடியக்காலமே வந்துட்டேன்.”

“மூச்சு வாங்குதாலே?”

“உக்காந்துதான் இருக்கேன். இங்க ஒருத்தரு சொல்லுதாரு, பெரிய எடத்து லெட்டர் இருந்தா முன்னாடி ஏத்திப் போட்டுருவாவளாம்.”

“அந்தக் கூத்தெல்லாம் முடிஞ்சுபோச்சு. இனிமே மனுசன் கைவைக்க முடியாது. நாலு மண்டலத்துக்கு நாலு சர்வர். ஒரே வகை இதயம், ஒரே அளவு சீக்குன்னா யாரு முதல்ல பதிஞ்சாவளோ அவியளுக்குத்தான். விநாடிக் கணக்கு.”

“எவன் முதல்லன்னு எப்படித் தெரியும்?”

“நீ பதிஞ்ச நேரத்தை சர்வர் சீட்டுல அச்சடிச்சிரும். அதை யாரும் மாத்த முடியாது. தண்ணி குடிச்சியா?”

“குடிச்சேன், குடிச்சேன்” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

மற்ற மூன்று மண்டலங்களும் சரியாகப் பத்து மணிக்குத் திறந்தன. இங்கே திறக்கவில்லை. முகவரிச் சோதனையில் சிவப்பு. தலைமையகம் ஒதுக்கிய முகவரியை இன்னொரு எந்திரம் ஏற்கெனவே பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. அது எதுவென்று தெரியவில்லை. உலகம்மை மாடி மாடியாக ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தாள். கீழே முற்றத்தில் இருநூற்றுச் சொச்சம் நோயாளிகள் சக்கர நாற்காலியிலும் பிள்ளைகளின் தோளிலுமாகக் காத்திருந்தார்கள். நடுவில் பத்து இருபத்தைந்துக்குத் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. ‘பத்து இருபத்தொண்ணு. நம்ம பதினோராம் வகை இதயத்துல நாலு மண்டலத்துலயும் இப்ப நான்தான் முதல்னு சிஸ்டர் சொன்னாவ.’ ஏணிமேல் நின்றபடியே அதை இரண்டு தடவை படித்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பதினொரு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது திருடன் அகப்பட்டான். மண்டல இயக்குநர் பிரம்மநாயகத்தின் அறையில் இருந்த காபி எந்திரம். தொலைவிலிருந்தே ஸ்ட்ராங்கா லைட்டா என்று சொல்லிவைக்க அவர்தான் ஆசைப்பட்டு அதை வலையில் இணைக்கச் சொல்லியிருந்தார். ஓர் ஊரின் இருநூறு இதயங்களை ஒரு மணி நேரம் காக்கவைத்தது அந்தக் காபி. கம்பியைப் பிடுங்கியதும் முகவரிக்குப் பச்சை விழுந்தது.

திறக்கப்போகும் நேரத்தில் பிரம்மநாயகம் வியர்த்து வழிந்துகொண்டு சர்வர் அறைக்குள் வந்தார்.

“கொஞ்சம் நில்லுங்கம்மா. தலைவர் ஒத்துக்கமாட்டேங்காரு. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துட்டுல்லா.”

இதய ஒதுக்கீட்டு ஆணையத் தலைவர் ஒன்பதே முக்காலுக்கே வந்து, போட்ட மாலையோடு மேலே உட்கார்ந்திருந்தார். தொட்டியில் இதயம் வளர்க்கும் காலத்திலும் ராகுகாலம் அதன் இடத்தில் அசையாமல்தான் இருந்தது.

“அப்போ பன்னெண்டுக்கு மேல திறக்கட்டும் சார்.”

“பதினொண்ணரைக்கு அவர் கிளம்பியாகணும். அடுத்த ஊர்ல விழா. அவர் கையால பொத்தானை அமுக்குனதும் ஒரு சான்றிதழ் அச்சாவும்லா, திறந்த நேரம் போட்டு? அதுல பதினொண்ணு அஞ்சுன்னு இருந்தா சட்டம் போட்டு மாட்ட முடியுமா? உசுரு காரியத்தை ராகுகாலத்துல தொடங்குனான்னு நாளைக்கு எவனும் பேசுவான்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மெசின் மணியைக் கொஞ்சம் பின்னால வையுங்க. பத்து பதினேழு நல்ல நேரம். அவர் ஜாதகத்துக்கும் பொருந்துதாம்.”

“நேரச் சோதனையில சிவப்பு விழும் சார்.”

“விழட்டும். அந்த ‘பொருட்படுத்தாதே’யைத்தான எல்லாரும் அமுக்குதிய? சாயங்காலம் சரிபண்ணிக்கிடுங்க.”

உலகம்மை யோசித்தாள். யோசிக்கவில்லை என்று பிற்பாடு அவளே அவளிடம் சொல்லிக்கொண்டாள், ஆனால் யோசித்தாள். பத்து பதினேழுக்குத் திறந்தால், முதல் நான்கு நிமிடங்களில் இங்கே பதிபவர்கள் தம்பியின் பத்து இருபத்தொன்றுக்கு முன்னால் போய்விடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற கணக்கு. பதினோராம் வகை அபூர்வம், அந்த நான்கு நிமிடத்திலா இங்கே ஒருவர் வந்துவிடப்போகிறார் என்று நினைத்தாள். காபி எந்திரத்தால் ஒரு மணி நேரம் போயிற்று, அந்த நேரத்தை இந்த ஜனங்களுக்குத் திருப்பிக் கொடுப்பது நியாயம்தானே என்றும் நினைத்தாள். ஒப்பந்த வேலை, மார்ச்சில் புதுப்பிக்கவேண்டும் என்பதையும் நினைத்தாள். கையில் அகப்பட்ட சமாதானங்களை எல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

மணி பதினொன்று நான்கு. அவள் அதைப் பத்து பதினேழு ஆக்கினாள். நேரச் சோதனைக்குச் சிவப்பு விழுந்தது. ‘பொருட்படுத்தாதே’யை அமுக்கினாள். தலைவர் பொத்தானை அமுக்கினார், எல்லோரும் கைதட்டினார்கள்.

சாயங்காலம் சரிபண்ண முடியவில்லை. பதிவு ஓடத் தொடங்கிய பிறகு கடிகாரத்தை நாற்பத்தேழு நிமிடம் தாவவைத்தால் மென்பொருள் குழம்பி நின்றுவிடும். தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப்பிடிக்கும்படி விட்டுவிடுவது ஒன்றுதான் வழி. ஒரு நாளைக்கு நாற்பத்துமூன்று விநாடி. அறுபத்தைந்து நாளில் சர்வரின் கடிகாரம் சத்தமில்லாமல் சரியாகிவிடும். கடிகாரத்தை யார் எப்போது மாற்றினார்கள் என்ற குறிப்பும் அறுபது நாளுக்கு மேல் தங்காது, சர்வரே அழித்துவிடும். முதல் நாள் பதிந்தவர்களின் சீட்டில் அச்சான நேரம் மட்டும் அப்படியே இருக்கும்.

எழுபத்தொரு நாள் கழித்து, சனிக்கிழமை மதியம் அவள் திரையில் அறிவிப்பு வந்தது. பதினோராம் வகையில் ஓர் இதயம் முற்றியிருக்கிறது. முதல் இடம், தென்மண்டலம், ச. வடிவு, வயது பத்தொன்பது, பதிவு நேரம் பத்து பத்தொன்பது. இரண்டாம் இடம், மேற்கு மண்டலம், பதிவு நேரம் பத்து இருபத்தொன்று.

இரண்டாம் இடத்தில் பெயர் காட்டாது. அவளுக்குப் பெயர் வேண்டியிருக்கவில்லை.

சொக்கலிங்கத்துக்கு இன்னும் பதினைந்து நாள் தாங்கும் என்று போன வாரம்தான் டாக்டர் சொல்லியிருந்தார். அவனுக்குத் தெரியாமல் இவளிடம் தனியாகச் சொன்னது அது.

அறிவிப்புக்குக் கீழே வழக்கமான கேள்வி நின்றது. ‘இந்தச் சர்வரின் நேரம் இப்போது சரியாக உள்ளதா? ஆம், இல்லை.’ சட்டத்தில் மனிதர்களுக்கு மிச்சம் வைத்த ஒரே வேலை இது. ‘ஆம்’ என்றால் இதயம் இங்கே புறப்படும். ‘இல்லை’ என்றாலோ, இருபது நிமிடம் பதில் சொல்லாவிட்டாலோ, இந்த மண்டலத்தைத் தள்ளிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். அடுத்த இடம் தம்பி.

இதே கேள்விக்கு இந்த எழுபது நாளில் எட்டு முறை அவள் ‘ஆம்’ போட்டிருக்கிறாள். கடிகாரம் நாற்பது, முப்பது, பத்து என்று நிமிடக் கணக்கில் பிந்திக்கொண்டிருந்த நாட்கள் அவை. எட்டும் பொய். ஒரு தடவைகூட விரல் நடுங்கவில்லை. இன்றைக்குத்தான் கடிகாரம் உண்மையிலேயே சரியாக இருக்கிறது.

முதன்முறையாக அந்த எட்டையும் எடுத்துப் பார்த்தாள். நான்கு பேருக்கு நியாயமாகவே வந்திருந்தது. மற்ற நான்கு பேரும் அந்த நாற்பத்தேழு நிமிடத்தால் முந்தியவர்கள். அவர்களுக்குப் பின்னால் தள்ளப்பட்ட நால்வரில் மூவரின் பதிவுக்கு நேரே ‘மூடப்பட்டது’ என்று இருந்தது. ஆள் இறந்துபோனால் சர்வர் அப்படித்தான் எழுதும். அதில் ஒரு பிள்ளைக்கு ஏழு வயது. தம்பிவரை வந்திராவிட்டால் இந்தப் பட்டியலை அவள் வாழ்நாளில் திறந்திருக்கமாட்டாள். அது அவளுக்கே தெரிந்தது.

இயக்குநர் அறைக்கு ஓடினாள். பிரம்மநாயகத்தின் தலைக்குமேல் சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அவள் சொன்னதைக் கேட்டு முடித்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“இப்ப மணி சரியா இருக்கா, இல்லையா?”

“இப்ப சரியா இருக்கு சார்.”

“அது கேக்கது இப்பத்த நேரத்தைத்தான? உள்ளதைச் சொல்லுங்க. ஆம்னு போடுங்க.”

“அன்னைக்குப் பின்னால வைக்கச் சொன்னது நீங்கதான சார்?”

“நான் வாயால சொன்னேன். அமுக்குனது யாரு? அந்த எட்டு ‘ஆம்’மும் யாரு கணக்குல பதிவாயிருக்கு?” சொல்லிவிட்டு அவரே முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இல்லைன்னு அமுக்குனா அது எங்க போவும்? உங்க தம்பிக்கு. சாகக் கிடந்த ஒரு பிள்ளைகிட்டேருந்து பறிச்சுத் தம்பிக்குக் கொடுத்துட்டாம்பாவ. ராகுகாலம்னு சொன்னா ஒருத்தன் நம்புவானா? தோண்ட ஆரம்பிச்சாவன்னா அந்த மத்த இதயங்களும் வெளிய வரும். யோசிச்சுப் பாருங்கம்மா.”

யோசித்துக்கொண்டே அவள் திரும்பி வந்தாள். பதினொரு நிமிடம் மிச்சம் இருந்தது. சர்வர் அறை வாசலில் காக்கிச்சட்டை போட்ட ஒருவர், தோளில் தோல்பையோடு நின்றார். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது.

“அம்மா, நான் வடிவோட அப்பா. சண்முகவேலு. ஆலங்குளம்.”

“இங்க வரக்கூடாதுங்க.”

“பிள்ளையை மேல ஆபரேசன் மேசையில ஏத்தியாச்சு. சர்வர் ரூம்லேருந்து ஆம் வரலை, அதான் மயக்கமருந்து கொடுக்கலைன்னு நர்ஸம்மா சொன்னாவ.” கைகூப்பினார். “ஏன் வரலைன்னு எனக்குத் தெரியும்மா.”

உலகம்மை கதவில் வைத்த கையை எடுத்தாள்.

“நான் மினிபஸ் கண்டக்டரு. நிமிசத்துக்கு நிமிசம் மணி பாக்கதுதான் பொழப்பு. அன்னைக்கு வரிசையில ரெண்டாவதா நின்னோம். சீட்டை வாங்கும்போது என் வாட்ச்சுல பதினொண்ணு ஆறு. சீட்டுல பத்து பத்தொம்போதுன்னு போட்டிருக்கு.” பைக்குள்ளிருந்து மடித்த சீட்டை எடுத்தார். ஓரமெல்லாம் நைந்திருந்தது. “எனக்கு முந்தின பஸ்காரன் எங்க ஸ்டாப்புல ஒரு நிமிசம் கூட நின்னாலே எறங்கிப்போய்ச் சட்டையைப் பிடிக்கவன் நான். என் டயத்துல என் ஆளை ஏத்துதான்னு கத்துவேன். இதுல நாப்பத்தேழு நிமிசம். பாத்தேன், வாயைத் தொறக்கலை. வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லலை.”

“ஏன் இப்ப எங்கிட்டச் சொல்லுதிய?”

“கண்டுபிடிச்சிட்டியன்னுதான். இல்லாட்டி ஏன் தாமசம்?” அவர் அழவில்லை. டிக்கெட் கேட்பதுபோல நேராகக் கேட்டார். “எங்களுக்குப் பின்னால நிக்கது யாருன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?”

அவள் அந்த மடித்த சீட்டைப் பார்த்தாள்.

“தெரியாது.”

“தெரியாம இருக்கதுதான் நல்லது. தெரிஞ்சா எனக்கு ராத்திரி தூக்கம் வராது. இப்பவும் வரலை, அது வேற.” சீட்டை அவளிடம் நீட்டினார். “என்கிட்ட இருக்க சாட்சி இது ஒண்ணுதான். நீங்களே வச்சுக்கிடுங்க. கிழிச்சாலும் சரி, கொண்டுபோய்க் கொடுத்தாலும் சரி. நான் கேக்கமாட்டேன்.”

வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்திவிட்டுத் திரைமுன் உட்கார்ந்தாள். ஏழு நிமிடம் இருந்தது, ஐந்தானது, மூன்றானது. அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்கூடப் போதும். இதயம் தானாகவே தம்பியிடம் போய்விடும்.

இரண்டு நிமிடம் இருக்கும்போது ‘ஆம்’ என்பதை அமுக்கினாள்.

இதைத் தியாகம் என்று யாரும் சொல்லிவிடவேண்டாம். வடிவு என்ற பெண்ணின் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. ‘இல்லை’ என்று போட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏனென்று சொன்னால் அந்த வெள்ளிக்கிழமை வரும். வெள்ளிக்கிழமை வந்தால் அந்த மூன்று ‘மூடப்பட்டது’களும் வரும், ஏழு வயதுப் பிள்ளையின் தாய் வருவாள். அந்தத் தாயின் முன்னால் நிற்கும் தைரியம் அவளுக்கு இல்லை. தம்பியின் உயிரை எடுத்து ஒரு பயத்தை மூடினாள். கடைசியில் அவள் விரலை நகர்த்தியது அந்தப் பயம்தான்.

வெளியே சண்முகவேலுவுக்கு நர்ஸ் வந்து சொல்லியிருக்கவேண்டும். உலகம்மை கதவைத் திறந்தபோது அவர் சாஷ்டாங்கமாகத் தரையில் கிடந்தார். கடைசிவரை பேச்சில் குலையாத மனிதர் இப்போது குலுங்கிக் குலுங்கி அழுதார். “தெய்வம்மா நீங்க” என்றார். அவள் அவரைத் தாண்டிப் போய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டாள். சட்டைப்பையில் சீட்டு இருந்தது. அதை அவள் கிழிக்கவும் இல்லை, பிரித்துப் பார்க்கவும் இல்லை.

கால்மணி நேரத்தில் போன் அடித்தது.

“அக்கா, நம்ம வகையில ஒண்ணு வந்துச்சாம்லா?” சொக்கலிங்கம் ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினான். “சிஸ்டர் சொன்னாவ. ரெண்டு நிமிசத்துல போச்சாம். உங்க பக்கத்துல யாரோ முந்திப் பதிஞ்சிருக்காவளாம்.”

“ஆமாலே.”

“அன்னைக்கு நான்தான் முதல்னு சொன்னாவளே?”

“அவ... அவசரத்துல சரியாப் பாத்திருக்கமாட்டாவ.”

“இருக்கும். யாரு, பெரிய ஆளா?”

“இல்லலே. ஒரு பிள்ளை. பத்தொம்போது வயசு.”

அந்தப் பக்கம் அவன் தண்ணீர் குடிப்பது கேட்டது.

“சரி, சின்னப் பிள்ளை. பொழைக்கட்டும்” என்றான். பிறகு மெல்லச் சிரித்தான். “பக்கத்து பெட்டுக்காரரு ஒரே சண்டை. இதுல என்னமோ தில்லுமுல்லு இருக்கு, கேஸ் போடுங்காரு. போங்கய்யா, அந்தச் சர்வரை வச்சது எங்க அக்காவாக்கும், அதுல தப்பு வராதுன்னு சொல்லிட்டேன்.”

உலகம்மை படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். வாயைப் புறங்கையால் அழுத்திக்கொண்டாள்.

“அக்கா, இருக்கியா?”

“இருக்கேன்.”

“அடுத்தது எப்பக்கா வரும்?”

“இந்த மாசக் கடைசியில வந்துரும்லே” என்றாள். அடுத்த பதினோராம் வகை முற்றுவதற்கு இன்னும் அறுபத்திரண்டு நாள் இருந்தது.